இரண்டு குடியானவர்கள்

பாங்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நாவல் படிப்பதில் அவருக்கு அபார மோகம். ஆனால் தொழில் புத்தி மட்டும் அவரை விட்டுப் போவதில்லை. கதாநாயகி தலையணையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருக்கும்போது, இவர் அவள் தகப்பனார் வாங்கின கடனுக்கு வட்டி என்ன ஆயிற்று என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அவர் ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "பிரெஞ்சு நாவலைத் திறந்தால் உயில், சீதனம், பத்திரம், பாகப்பிரிவினை. ருஷ்ய நாவலைத் திறந்தால் கடன், அடகு, ஏலம், வரி பாக்கி. என்ன ஸார் இது? இரண்டும் ஒரே ஐரோப்பாதானே?"

விமரிசகர்கள் கேட்கிற கேள்வி அல்ல இது. அவர்கள் ருஷ்ய ஆத்மாவைப் பற்றியும் பிரெஞ்சு நுட்பத்தைப் பற்றியும் பேசுவார்கள். பாங்குக்காரருக்கு ஆத்மா கணக்கில் வராது. ஆனால் எனக்கென்னவோ அவருடைய கேள்விதான் சரியான கேள்வி என்று பட்டது. நாவலாசிரியன் ஆகாயத்தைப் பார்த்து எழுதுகிறவன் இல்லை. அவனைச் சுற்றி இருக்கிறவர்கள் எதை எண்ணித் தூக்கமில்லாமல் புரளுகிறார்களோ அதைத்தான் அவனும் எழுதுகிறான்.

பிரான்ஸில் அந்த எண்ணம் நிலம். 1789ஆம் வருஷம் ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு, பாரிஸுக்குப் பக்கத்தில் வெர்ஸேயில் கூடியிருந்த சபை, பிரபுக்களின் பழைய உரிமைகளையெல்லாம் ஒழிப்பதாகத் தீர்மானம் போட்டது. அந்த வருஷக் கடைசியிலேயே மாதாகோயில் சொத்துக்கள் தேசத்தின் சொத்தாகி, பிறகு ஏலத்துக்கு வந்தன. 1793இல் பிரபுக்களுக்குச் சேரவேண்டிய பாத்தியதைகள் நஷ்ட ஈடு இல்லாமலே ரத்தாயின. 1804இல் வந்த நெப்போலியன் சட்டம், தகப்பன் சொத்து பிள்ளைகளுக்குள், பெண்களுக்கும் சேர்த்துத்தான், சமமாகப் பிரியவேண்டும் என்றது. ஒரு சிறு பகுதியை மட்டுமே தகப்பன் தன் இஷ்டப்படி யாருக்காவது எழுதிவைக்கலாம். உழுகிறவன் எல்லோருக்கும் நிலம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஏலத்தில் நல்ல நிலங்களைக் கையில் பணம் இருந்தவன்தான் எடுத்தான். பால்ஸாக்கின் 'யூஜினி கிராண்டே'யில் வருகிறானே கிழவன் கிராண்டே, பீப்பாய் செய்கிறவன், அவன் பணக்காரன் ஆனதே அப்படித்தான்: மனைவி கொண்டுவந்த சீதனத்தை வைத்து மாதாகோயில் திராட்சைத் தோட்டங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டான். ஆனாலும் துண்டு நிலம் ஒன்றைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய லட்சக்கணக்கான குடும்பங்கள் பிரான்ஸில் உண்டாகிவிட்டன. அதற்குப் பிறகு அந்த நாட்டில் மிக முக்கியமான மனிதர் பாதிரியார் அல்ல, பிரபு அல்ல, நோட்டரி. பத்திரம் எழுதி, பாகம் பிரித்து, உயிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர். பால்ஸாக் இளம் வயதில் வக்கீல் குமாஸ்தாவாகவும் நோட்டரி ஆபீஸ் குமாஸ்தாவாகவும் இருந்தவர். நாவல் எழுத அதைவிட நல்ல கல்லூரி அவருக்குக் கிடைத்திருக்காது.

ருஷ்யாவில் அந்த நாளில் குடியானவனே சொத்தாக இருந்தான். 1861க்கு முன் இரண்டு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் பிரபுக்களின் உடைமை. பிரபுவின் செல்வத்தை ஏக்கரில் சொல்லமாட்டார்கள். இத்தனை 'ஆத்மா' என்பார்கள். ஆண்களை மட்டும் எண்ணித் தலைவரி போடுவார்கள். அடுத்த ஜாபிதா எடுக்கும் வரையில் செத்தவனும் உயிரோடிருப்பவன்தான். அவனுக்கும் வரி உண்டு. 1842இல் வந்த கோகோலின் 'செத்த ஆத்மாக்க'ளில் சிச்சிகோவ் ஊர் ஊராகப் போய்ச் செத்தவர்களை விலைக்கு வாங்குகிறான். எதற்கு? உயிருள்ளவர்கள் என்று காட்டிச் சர்க்காரிடம் அடகு வைத்துக் கடன் வாங்க. நம்மவர்கள் அதை ஏதோ வேதாந்தக் கதை என்று நினைத்துப் படிக்கிறார்கள். அது சுத்தமான பாங்குக் கதை. விடுதலைக்குச் சற்று முன் கணக்குப் பார்த்தபோது, பிரபுக்களின் அடிமைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் சர்க்கார் கடன் ஸ்தாபனங்களில் அடகில் இருந்தார்கள். பிரபுவும் கடன்காரன், அவனிடம் அகப்பட்டவனும் கடன்காரன். 1903இல் செகாவ் 'செர்ரித் தோட்ட'த்தை எழுதியபோதும் ஏலச் சுத்தியல் ஓயவில்லை.

துர்கனேவ் தம் 'வேட்டைக்காரனின் சித்திரங்கள்' என்ற புத்தகத்தின் முதல் கதையை ஒரு ஒப்பீட்டோடுதான் ஆரம்பிக்கிறார். ஓர்யோல் ஜில்லாக் குடியானவன் குட்டையானவன், கூன் விழுந்தவன், மட்டமான குடிசையில் இருக்கிறான். கலூகா ஜில்லாக் குடியானவன் நெட்டையானவன், பைன் மரத்தால் கட்டிய நல்ல வீட்டில் இருக்கிறான். ஜாதி ஒன்று, மதம் ஒன்று, பாஷை ஒன்று. வித்தியாசம் என்னவென்றால், முன்னவன் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கிறவன். பின்னவன் வருஷத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் பிழைக்கிறவன். ஜனங்களின் சுபாவத்தை ரத்தத்தில் தேடுகிறவர்களுக்கு அந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டவேண்டும். ஸ்லாவியர் சோம்பேறி, பிரெஞ்சுக்காரன் சிக்கனக்காரன் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். முதுகு வளைவது எந்த ஒப்பந்தத்தின் கீழ் உழைக்கிறான் என்பதைப் பொறுத்தது.

விடுதலை வந்த கதையும் விசித்திரம். 1861 பிரகடனம் அடிமைக்கு உடலை இனாமாகக் கொடுத்தது. நிலத்தை விலைக்குக் கொடுத்தது. பல இடங்களில் சந்தை மதிப்பைவிட அதிக விலைக்கு. சர்க்கார் பிரபுவுக்குப் பணப் பத்திரம் கொடுத்துவிட்டு, குடியானவனிடமிருந்து ஆண்டுக்கு 6 சதவீதம் வீதம் 49 ஆண்டுகள் வசூலிப்பது என்று ஏற்பாடு. என் நண்பர் இதைக் கேட்டதும் காகிதமே இல்லாமல், "நூறு ரூபிளுக்கு 294 ரூபிள்" என்றார். அதோடு, நிலம் அவன் பேரில் அல்ல, கிராமத்தின் பேரில். மீர் என்று சொல்லப்படும் ஊர்ச் சபைதான் நிலத்தைக் குடும்பத்துக்குத் தக்கபடி நீளத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும். சில வருஷம் கழித்து மறுபடி கலைத்துப் பிரிக்கும். ஒருவன் வரி கட்டாவிட்டால் ஊரே கட்டவேண்டும். ஆகவே ஊர் அவனை வெளியே விடாது. பட்டணத்துக்குப் போய்ப் பிழைக்கவேண்டுமானாலும் ஊர் சம்மதித்துச் சீட்டுக் கொடுக்கவேண்டும். அந்தக் கூட்டுப் பொறுப்பு 1903இல்தான் ஒழிந்தது. விலைத் தவணைகள் 1907இல்.

இந்த மீரைப் பற்றிப் பலர் உருகி எழுதியிருக்கிறார்கள். ஸ்லாவிய இனத்தின் சகோதர உணர்ச்சி அதில் இருக்கிறது என்றார்கள். ஐரோப்பா தேடிக்கொண்டிருக்கும் சமத்துவம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது என்றார்கள். எழுதினவர்களில் பெரும்பாலோர் அந்த நீளத் துண்டுகளில் ஏர் ஓட்டியவர்கள் அல்ல. செகாவின் 'குடியானவர்கள்' 1897இல் வந்தது. செகாவின் தாத்தா அடிமையாகப் பிறந்து, 1841இல் பணம் கட்டித் தம்மையும் குடும்பத்தையும் மீட்டுக்கொண்டவர். அதனால்தானோ என்னவோ, பேரனுக்குக் கிராமத்தைப் பார்த்து உருகத் தெரியவில்லை. மாஸ்கோ ஹோட்டல் ஒன்றில் பரிசாரகனாக இருந்தவன் நோயில் விழுந்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு சொந்த ஊருக்கு வருகிறான். ஊரில் ஒரு குடிசை. அதில் கிழவன், கிழவி, மருமகள்கள், குழந்தைகள், ஈ. ஒரு நாள் ஊர்த் தலைவன் வந்து, வரி பாக்கிக்காக அவர்கள் ஸமோவாரைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தேநீருக்கு வெந்நீர் போடுகிற பாத்திரம், அவ்வளவுதான். அந்த வீட்டில் பளபளப்பாக இருந்த பொருள் அது ஒன்றே. கிழவி போடுகிற கூச்சலைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்து, சற்று நேரம் வாசலில் போய் நின்றேன். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்து ஒரு காலத்தில் மலிவாக விற்ற ருஷ்யக் கதைகள், இன்றும் பழைய புத்தகக் கடைகளில் அகப்படுகின்றன. பிரெஞ்சுக்காரர்களைவிட இவர்களே நமக்கு நெருங்கினவர்களாகத் தோன்றுவதற்கு அந்த மலிவு விலை மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். ஜப்தி என்றால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அப்படியானால் நிலம் சொந்தமாக இருந்த பிரெஞ்சுக் குடியானவன் கதை ஆனந்தமயமாக இருக்கிறதா? ஸோலாவின் 'நிலம்' என்ற நாவலைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 1887இல் அது வந்தபோது, இளம் எழுத்தாளர்கள் ஐந்து பேர் சேர்ந்து அதைக் கண்டித்துப் பத்திரிகையில் அறிக்கையே விட்டார்கள். கிழவன் ஃபுவானுக்கு உழ முடியவில்லை. நோட்டரி முன்னால் உட்கார்ந்து மூன்று பிள்ளைகளுக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கிறான். அதற்குப் பதில் அவர்கள் வருஷா வருஷம் ஜீவனாம்சம் கொடுக்கவேண்டும். அப்பாவும் அம்மாவும் எவ்வளவில் சாப்பிட்டு உயிரோடிருக்கலாம் என்று பெற்ற பிள்ளைகள் பேரம் பேசுகிறார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகத் தள்ளப்பட்டு, கடைசியில் கிழவன் சொந்த மகன் கையாலேயே சாகிறான். மாப்பசானின் நார்மண்டிக் குடியானவர்களும் அப்படித்தான். ஒருவன் தெருவில் கிடந்த சணல் துண்டைக் குனிந்து எடுக்கிறான், எதற்காவது உதவுமே என்று. அந்தக் குனிவினால் அவன்மேல் திருட்டுப் பட்டம் விழுந்து, அந்த விசாரத்திலேயே செத்துப்போகிறான். சணல் துண்டைப் பொறுக்குகிற புத்தி ஏதோ பிறவிக்குணம் அல்ல. அரை ஏக்கர் வாங்க மூன்று தலைமுறை சேர்த்த கை அது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கவேண்டும். இரண்டு தேசத்திலும் நிலத்தைப் பிரித்தார்கள். ஆனால் பிரித்த விதம் வேறு. மீரில் குடும்பம் பெருகினால் மறு பிரிவினையில் துண்டு கூடும்; பிள்ளை பெறுவது நஷ்டமில்லை. பிரான்ஸில் பிள்ளை கூடினால் துண்டு குறையும். நோட்டரி ஆபீஸில் எழுதிய சட்டம் தொட்டில் வரையில் எட்டிப் பார்த்தது. ஐரோப்பாவிலேயே முதன்முதலில் குழந்தைப் பிறப்புக் குறைந்த பெரிய தேசம் பிரான்ஸ். சட்டம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே குறைய ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடியானவனுக்கு வரப்பு ஞாபகம் இல்லாமல் இருந்திருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சுமார் மூன்று கோடியாக இருந்த பிரான்ஸின் ஜனத்தொகை, 1911இலும் நாலு கோடியைத் தொடவில்லை. ருஷ்யாவிலோ, விடுதலைக்கும் முதல் உலக யுத்தத்துக்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் ஜனத்தொகை இரண்டு மடங்குக்குமேல் ஆயிற்று. ஓரிடத்தில் பணம் மிஞ்சிற்று, கை போதவில்லை. மற்றோரிடத்தில் கைகள் மிஞ்சின, பணம் இல்லை.

மிஞ்சின பணம் எங்கே போயிற்று என்பதுதான் வேடிக்கை. கூடப் பிறந்தவனுக்கு எழுத்தில்லாமல் பத்துப் பிராங்க் கடன் கொடுக்காத அந்தப் பிரெஞ்சுக்காரன், ஜார் சக்கரவர்த்திக்குக் கொடுத்தான்! 1888இலிருந்து ருஷ்யச் சர்க்கார் கடன் பத்திரங்கள் பாரிஸில் விற்பனைக்கு வந்தன. பாங்குகள் சிபாரிசு செய்தன. பத்திரிகைகள் புகழ்ந்தன, அந்தப் புகழுக்கு ருஷ்யத் தூதரகம் கூலி கொடுத்தது பிறகு வெளிவந்தது. நோட்டரியும் தலையசைத்தார். கடைக்காரர்கள், உபாத்தியாயர்கள், விதவைகள், குடியானவர்கள் என்று பதினைந்து லட்சம் பேர் அளவுக்கு வாங்கினார்கள். அந்தப் பணம் ருஷ்யாவில் ரெயில் பாதையாயிற்று, ஆலையாயிற்று, பட்டாளமும் ஆயிற்று. வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அந்த வட்டி கட்ட ருஷ்யா தானியத்தை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தது. குடியானவன் இலையுதிர் காலத்தில் வரி கட்டவேண்டும் என்று நெருக்கினால், அவன் தானியத்தை வந்த விலைக்கு விற்றுத்தானே ஆகவேண்டும்? 1891இல் பெரும் பஞ்சம் வந்தபோதும், ஏற்றுமதியை நிறுத்தச் சர்க்கார் கொஞ்சம் தாமதித்தது. நான் நாவலாசிரியன், பொருளாதார நிபுணன் அல்ல. இருந்தாலும் செகாவின் குடிசையிலிருந்து போன ஸமோவாரையும், எங்கோ ஒரு நார்மண்டி வீட்டில் கத்தரிக்கோலால் பத்திரத்திலிருந்து வட்டிச் சீட்டை வெட்டி எடுக்கும் கிழவியையும் சேர்த்து நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. 1918 பிப்ரவரியில் போல்ஷ்விக் சர்க்கார் ஜாரின் கடன்கள் அனைத்தும் செல்லாது என்று அறிவித்துவிட்டது. சணல் துண்டைப் பொறுக்கிச் சேர்த்த பணம் போயிற்று. 1996இல் ருஷ்யா நாற்பது கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வதாக பிரெஞ்சுச் சர்க்காரோடு உடன்பாடு செய்துகொண்டது. வாங்கினவர்களின் பேரன்மார்களுக்குப் பங்கு போட்டால் அது பிச்சைக் காசு.

மிஞ்சின கைகளின் கதை இன்னும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்லாவியர் என்று பொதுவாகச் சொன்னேனே தவிர, அவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல. செக் தேசத்தில் ஆலைகள் நிறைந்திருந்தன. போலந்தோ மூன்று சாம்ராஜ்யங்களுக்கிடையே கூறுபட்டுக் கிடந்தது. ருஷ்யாவின் கையிலிருந்த பகுதியில், 1863இல் பிரபுக்கள் கலகம் செய்தார்கள் என்ற கோபத்தில், ஜார் 1864இல் குடியானவர்களுக்கு நல்ல நிபந்தனையில் நிலத்தைச் சொந்தமாகவே கொடுத்துவிட்டார். ரெய்மாண்டின் 'குடியானவர்கள்' என்ற நாலு பாக நாவல், 1924இல் நோபல் பரிசு பெற்ற ஆசிரியருடையது, அந்த மண்ணைப் பற்றியது. கிழவன் போரினா நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க மறுத்து, வயதுக்கு வந்த மகன் இருக்கும்போதே இளம் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு அவளுக்கு நிலம் எழுதிவைக்கிறான். ஃபுவான் கொடுத்துக் கெட்டான். போரினா கொடாமல் குடும்பத்தைக் கெடுத்தான். ஆஸ்திரியாவின் கையிலிருந்த கலீஷியாவிலோ பிரெஞ்சுக்காரர்களைப் போலவே நிலத்தைப் பிள்ளைகளுக்குள் பிரித்தார்கள். ஆனால் பிள்ளைகளைக் குறைக்கவில்லை. வரப்பு மிஞ்சி வயல் காணாமல் போயிற்று. ஜனங்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள்.

முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸ் பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களை இழந்தது. வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களை ஜெர்மானியர் தண்ணீர் விட்டு மூழ்கடித்துவிட்டுப் போயிருந்தார்கள். சுரங்கத்தில் இறங்க ஆள் இல்லை. நிலம் வைத்திருந்த பிரெஞ்சுக் குடியானவன் தன் ஒற்றைப் பிள்ளையைப் பூமிக்குள் அனுப்புவானா? 1919 செப்டம்பர் 3ஆம் தேதி பிரான்ஸும் புதிதாகப் பிறந்த போலந்தும் ஆள் அனுப்ப உடன்படிக்கை செய்துகொண்டன. சம வேலைக்குச் சம கூலி என்று அதில் எழுதியிருந்தது. ரெயில் ரெயிலாக வந்து இறங்கினார்கள். ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாச் சுரங்கங்களில் ஏற்கெனவே வேலை பழகின போலந்துக்காரர்களும் வந்தார்கள். 1931இல் பிரான்ஸில் சுமார் ஐந்து லட்சம் போலந்துக்காரர்கள் இருந்தார்கள்.

ஸோலாவின் 'ஜெர்மினல்' 1885இல் வந்த சுரங்க நாவல். அதில் சுவாரின் என்ற ருஷ்யன் ஒருவன் வருகிறான். அவன் வளர்க்கும் முயலுக்குப் பெயர் 'போலந்து'. கடைசியில் அந்த முயலைச் சமைத்துவிடுகிறார்கள். அவனுக்குத் தெரியாமல் அவனே அதைச் சாப்பிட்டுவிடுகிறான். அந்த நாளில் வடக்குச் சுரங்கங்களில் வெளிநாட்டான் என்றால் பெல்ஜியன்தான். நாற்பது வருஷத்துக்குள் உண்மைப் போலந்தே அங்கே வந்து இறங்கும் என்று ஸோலா நினைத்திருக்கமாட்டார்.

வந்தவர்களுக்குக் கம்பெனி வீடு கொடுத்தது. ஒரே மாதிரி செங்கல் வீடுகள் வரிசையாக. பின்னால் ஒரு துண்டுத் தோட்டம். நிலத்துக்காக ஊரை விட்டவனுக்கு முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் போட இவ்வளவு இடம். சொந்தப் பாதிரியார், சொந்தப் பள்ளி உபாத்தியாயர், தேகப்பயிற்சிச் சங்கம், பாட்டுக் கோஷ்டி, போலந்துப் பத்திரிகை எல்லாம் இருந்தன. பெரும்பாலும் பூமிக்கடியில் வேலை. மேலே இருக்கிற உத்தியோகங்கள் அநேகமாகப் பிரெஞ்சுக்காரர்களுக்கு. வீடு கம்பெனியுடையது ஆகையால் வேலை போனால் வீடும் போகும். மீர் ருஷ்யக் குடியானவனை ஊரை விட்டு வெளியே போகவிடவில்லை என்றால், இந்த ஏற்பாடு இவனை எந்த நாளும் வெளியே அனுப்பலாம். அனுப்பவும் செய்தது. உலக வியாபார மந்தம் வந்தபோது வெளிநாட்டார் தொகைக்கு வரம்பு கட்ட 1932இல் சட்டம் போட்டார்கள். 1934 ஆகஸ்டில் லெஃபோரெஸ்த் என்ற ஊரில், போலந்துக்காரர்கள் மேலே வர மறுத்துச் சுரங்கத்துக்குள்ளேயே இருந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் கலந்துகொண்டவர்களைக் குடும்பத்தோடு ரெயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு இளைஞன் எட்வர்ட் கியெரெக். முப்பத்தாறு வருஷம் கழித்து, 1970இல், அவர் போலந்தின் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவரானார்.

என்னைக் கேட்டால், செகாவின் குடிசையில் பிறப்பதைவிட ஃபுவான் வீட்டில் பிறப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். பேராசை பிடித்த அண்ணனோடு சண்டை போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம், பத்திரம் கையில் இருக்கும். ஊர் முழுவதும் கடன்பட்டிருக்கும் இடத்தில் யாரோடு சண்டை போடுவது? ஆனால் ஃபுவான் வீட்டுப் பேரன் வெளிச்சத்தில் உழுதுகொண்டிருப்பதற்காகக் கலீஷியாக்காரன் பேரன் இருட்டில் இறங்கவேண்டியிருந்தது என்பதையும் அந்தத் தேர்வோடு சேர்த்து எழுதிக்கொள்ளவேண்டும்.

நே-லெ-மீன் என்ற சுரங்க ஊரில் 1931இல் ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்த பையன், பதினாலு வயதில் சுரங்கத்தில் இறங்கினான். விபத்து ஒன்றில் இடது கை விரலில் ஒரு பகுதியை அங்கேயே விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தாடினான். கோபாஷெவ்ஸ்கி என்ற பெயர் பிரெஞ்சு வாயில் நுழையாமல் கோபா ஆயிற்று. 1958இல் உலகக் கோப்பைப் பந்தயத்தில் பிரான்ஸை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ரேமோன் கோபா. அதே வருஷம் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று தங்கப் பந்து கொடுத்தார்கள். அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம், வாஞி என்ற ஊரில், 1990 டிசம்பர் 21ஆம் தேதி மூடப்பட்டது. செங்கல் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2012இலிருந்து அவை யுனெஸ்கோ பாதுகாக்கும் உலகச் சொத்தில் சேர்ந்துவிட்டன.